மூன்றாம் ஓலை

கரைத் தொகுதியில் அந்த முறை வென்றது யார் என்று கேட்டால் பதுர்தீன் ஹாஜியார் என்பார்கள். வெல்ல வைத்தது யார் என்று கேட்டால் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். சிரிக்காதவள் அனஸ்தாசியா ஒருத்திதான். தேர்தலில் யார் வென்றாலும் அவளுக்கு ஒன்றுதான். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கலியாணம். மேளம் கொட்டிப் பந்தல் போடுகிற கலியாணம்கூட அல்ல. சவிரிமுத்துவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, சுவாமியார் கேட்கும்போது சம்மதம் என்று ஒரு ஓம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைக்கிற கலியாணம். அந்த ஒரு ஓமை அவள் நாலு வருஷமாக வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரன் போகிற போக்கில் எங்களுக்கு ஒரு பாராளுமன்றத்தைத் தந்துவிட்டுப் போகப் பார்த்தான். அதோடு எல்லாம் கெட்டது.

அனஸ்தாசியாவின் புருஷன் மனுவேல் ஒரு பின்னேரம் தனி வள்ளத்தில் கடலுக்குப் போனவன். வள்ளம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கற்பிட்டியிலிருந்து கீழே முழுக் கரையும் தேடினார்கள். உடல் ஒதுங்கவில்லை, விழுந்ததைக் கண்ட ஆளும் இல்லை. அதுதான் தொல்லை. வேதக்கோயிலுக்கு ஒன்றில் உடல் வேண்டும், இல்லாவிட்டால் கண்ட சாட்சி வேண்டும். பிரெஞ்சு தேசத்துச் சுவாமியார் தமிழை ஞானோபதேசப் புத்தகத்தில் படித்தவர். புத்தகம் போலவே பேசுவார். "காணாமற்போனவன் மரித்தவன் அல்லன், மகளே" என்று சொல்லிவிட்டார். சாவுக்கு அடிக்கிற சாமணி அடிக்கவில்லை, பூசை வைக்கவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள்கூட, செத்தது நிச்சயமா என்று தெரியாமல், பாதி அழுதுவிட்டுப் போனார்கள். அனஸ்தாசியா கறுப்பு உடுத்துவதா, வெள்ளை உடுத்துவதா, பொட்டணியைக் கட்டிக்கொண்டு தாய் வீடு போவதா என்று ஒன்றும் தெரியாமல் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மனுவேல் துடுப்புத் தண்டு வலித்தது, வலைக்குச் சொந்தக்காரரான அன்ரனிப்பிள்ளைச் சம்மாட்டியின் கரைவலைத் தோணியில். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் காணாமற்போனவனின் இடம் அவன் பேரிலேயே இருக்கும். அந்த இடத்தில் வந்து உட்காருகிறவன் அவன் தண்டை வலிப்பான், கோயில் தேருக்கு அவன் வடத்தைப் பிடிப்பான். கரையில் மீனைக் குவியல் குவியலாகப் பங்கு வைத்துச் சம்மாட்டி பேர் கூப்பிடும்போது, அந்தப் பேருக்கு ஓம் என்று சொல்லிக் குவியலில் பாதியை வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தான் எடுப்பான். உடல் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மறு கலியாணம் என்று கோயிலில் மூன்று ஓலையும் வாசிக்கப்பட வேண்டும். அதுவரை அந்த இடம் அவனுடையதுதான்.

மனுவேலின் இடத்தில் வந்து உட்கார்ந்தவன் சிலாபத்துச் சவிரிமுத்து. நல்ல மனிதன். அளவுக்கு மீறி நல்லவன் என்றும் சொல்லலாம். இந்தக் கதையில் அதுதான் குற்றம். நாலு வருஷமாக நாள் தவறாமல் மனுவேல் என்ற பேருக்கு ஓம் சொன்னான். நாள் தவறாமல் பாதி மீனைக் கொண்டுவந்து அனஸ்தாசியாவின் கூடையில் போட்டான். முதல் வருஷம் முகத்தைப் பார்க்காமல் போட்டான். இரண்டாம் வருஷம் பார்த்தான். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுவாமியார் தனக்கு மேலான மேற்றிராணியாருக்கு எழுதி எழுதிக் கடைசியில் அனுமதி வந்தது. மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாளுக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஓலை வாசிக்க வேண்டும். மூன்றாம் ஓலைக்குள் மனுவேல் உயிரோடு இருப்பதாக ஒரு சொல்லும் வராவிட்டால் கட்டிவைக்கலாம். முதல் ஓலை வாசித்தார்கள். கோயிலில் ஒரு இருமல்கூட இல்லை. அந்தக் கிழமைதான் தேர்தல்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறத்துப் பெட்டி. புத்தளத்துத் தென்னந்தோட்டக்காரர் பதுர்தீன் ஹாஜியாருக்கு மஞ்சள். சிலாபத்தில் சட்டம் படித்த பிறக்கிராசி அருமைநாயகத்துக்கு நீலம். சீட்டை வாங்கி, திரைக்குப் பின்னால் போய், விரும்பிய நிறத்துக்குள் போட வேண்டியதுதான். அருமைநாயகம் எங்களைப்போல வேதக்காரர் என்பதால் கரையெல்லாம் நீலம் என்று பேச்சு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாவடி. சம்மாட்டி தோணிக்காரரை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போனார். தோணியில் இருக்கிற ஒழுங்கிலேயே வரிசையாக நின்றார்கள். வேறு ஒழுங்கில் நிற்க அவர்களுக்குத் தெரியாது. பெண்கள் வரிசையில் அனஸ்தாசியாவும் நின்று நீலத்துக்குள் போட்டுவிட்டு வந்து கருவாட்டைப் புரட்டினாள்.

எண்ணிப் பார்த்ததில் பதுர்தீன் ஹாஜியார் ஒரே ஒரு வாக்கால் வென்றிருந்தார்.

அடுத்த ஞாயிறு சுவாமியார் இரண்டாம் ஓலையை வாசிக்கத் தொடங்கினார். பாதியில், முன் வாங்கிலிருந்து, கவர்மெந்து வைத்த ஊர்த்தலைவர் விதானையார் எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, தனக்கு யாரிடமும் பகை இல்லை என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்கள் நல்லது சொல்வதில்லை.

"ஆனா சுவாமி, மனுவேல் புதன்கிழமை வோட்டுப் போட்டிருக்கிறார்."

விதானையாருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. மனுவேலைத் தேடி விடிய விடிய லாந்தர் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் மனுவேலின் பேரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்ட மறந்தவரும் அவர்தான். சாவடியில் தலையை நிமிர்த்தாமல் பேரைக் கூப்பிட்டுக் கோடு இழுத்தவரும் அவர்தான். ஒரு வாக்கு வித்தியாசம் என்றதும் மேலேயிருந்து இடாப்பைக் கேட்டுவிட்டார்கள். செத்தவனுக்குச் சீட்டுக் கொடுத்ததாகச் சொன்னால் விதானை வேலை போய்விடும். அதனால் மனுவேல் உயிரோடு இருந்தே ஆக வேண்டும்.

பூசை முடிந்து அனஸ்தாசியா சுவாமியாரிடம் ஓடினாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"மகளே, மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்பது விசுவாச சத்தியம். ஆனால் வாக்களிப்பார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆதலால் உன் புருஷன் ஜீவித்திருக்கிறான்."

அவள் வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு லொறி. ஹாஜியாரின் ஆட்கள் மாலையோடும் பறையோடும் இறங்கி நின்றார்கள். மஞ்சளுக்குப் போட்டுத் தொகுதியை வெல்லவைத்த மனுவேல் அண்ணனைப் பார்க்க வந்தார்களாம்; எண்ணும்போது சீட்டு நம்பரை அவர்களுடைய ஆள் பார்த்திருந்தானாம். கடலில் என்றாள். எப்போது வருவார் என்று கேட்டார்கள். அதைத்தான் நாலு வருஷமாகத் தானும் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அவர்கள் அதை ஒரு நல்ல பகிடியாக எடுத்துக்கொண்டு பொழுது படும்வரை காத்திருந்தார்கள். பிறகு மாலையைக் கதவு நிலையில் மாட்டிவிட்டு, மனுவேல் அண்ணன் வந்து களைப்பாறட்டும் என்று ஒரு சாய்மனைக் கதிரையை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சின்ன வீட்டில் கதிரையைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது. அனஸ்தாசியா அதை ஒரு உதை உதைத்தாள். பிறகு, மனுவேல் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை என்று நினைவு வந்து, அதைத் துடைத்து வைத்தாள்.

அன்று இரவு சவிரிமுத்து வந்தான். கதிரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். வோட்டுப் போட்டது யார் என்று அவள் கேட்க, அவன் ஒளிக்கவில்லை; ஒளிக்க வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. அவனுடைய சொந்த வாக்குச் சிலாபத்து இடாப்பில் இருந்தது. சாவடிக்குத் தோணிக்காரருக்குத் துணையாகத்தான் போனான்.

"மனுவேல் எண்டு கூப்பிட்டாங்க. நான் ஓம் எண்டன். நாலு வருசமா அதைத்தானே சொல்லுறன்."

"சொன்னா சொன்னதுதான். ஏன் மஞ்சள் பெட்டிக்க போட்டீங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். அருமைநாயகத்தின் மோட்டார்க் கார் முன்னொரு நாள் கற்பிட்டி றோட்டில் மனுவேலின் நாயை அடித்துவிட்டு நிற்காமல் போனதும், அன்றிலிருந்து மனுவேல் அந்தப் பேரைக் கேட்டாலே துப்புவதும் ஊரறிந்த கதை. தனக்கென்றால் நீலத்துக்குத்தான் விருப்பம் என்றான் சவிரிமுத்து. ஆனால் வாக்கு மனுவேலுடையது. தன் விருப்பத்துக்குப் போட்டால் அது களவல்லவா?

அனஸ்தாசியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவனுடைய கன்னத்தில் ஒன்று போடவும் கை வந்தது. இப்படி ஒரு நேர்மையை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது?

அடுத்த நாள் அருமைநாயகத்துக்கு வழக்குப் பேசுகிற அப்புக்காத்து வந்தார். தேர்தல் வழக்குப் போட்டாயிற்று. சீட்டின் நம்பரைப் பிடித்துப் பார்த்ததில் மனுவேலின் வாக்கு மஞ்சள் பெட்டியில் கிடந்தது என்றார். மனுவேல் செத்துவிட்டான் என்று கோட்டில் நீதவானுக்கு முன்னால் நிரூபித்தால் அந்த வாக்குப் போகும், இரண்டு பேரும் சரி சமம், பிறகு திருவுளச் சீட்டு; அருமைநாயகத்துக்குச் சீட்டில் நல்ல அதிர்ஷ்டம். கோடே மனுவேலைச் சாகடித்துவிட்டால் சுவாமியாருக்கும் மறுபேச்சு இருக்காது. அனஸ்தாசியாவின் முகம் மலர்ந்தது. அப்புக்காத்து இன்னும் ஒன்று சொன்னார். மனுவேலின் பேரில் போட்ட ஆளை மட்டும் அவள் கைகாட்ட வேண்டும். ஆள்மாறாட்டத்துக்கு மறியல் வீட்டில் கம்பி எண்ண வேண்டியதுதான், கட்டாயம். மலர்ந்த முகத்தை அவள் மூடிக்கொண்டாள்.

ஆக நிலைமை இதுதான். மனுவேல் உயிரோடு இருந்தால் சவிரிமுத்துவைக் கட்ட முடியாது. மனுவேல் செத்திருந்தால் சவிரிமுத்து மறியலில். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை வெடித்தது. ஒரு மனிதன் தொலைந்துபோன நேரத்தில் இத்தனை படித்தவர்கள் வந்து தேடவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

வழக்குப் புத்தளத்தில் விளங்கப்பட்டது. கொழும்பிலிருந்து நீதவான் வந்திருந்தார். தோணிக்காரர் எல்லாரும் சுவரோரம், வழக்கம்போலத் தண்டு ஒழுங்கில் நின்றார்கள். ஹாஜியாரின் அப்புக்காத்து எழுந்து, வீண் பேச்சு எதற்கு, மனுவேலையே கூப்பிடுகிறேன் என்றார். கதவைத் திறந்துகொண்டு ஒரு மனுவேல் வந்தான்.

அவன் பாலாவி உப்பளத்து முத்தலிபு. ஹாஜியாரின் ஆட்கள் பிடித்துக்கொண்டு வந்தது. ஹாஜியாருக்குத் தெரியாது என்று ஒரு பேச்சு, தெரியும் என்று இன்னொரு பேச்சு. பயந்த சுபாவமுள்ள அப்பாவி. வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்தபோது, அதைத் தொடுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று ஒதுங்கி, வெறும் உறுதி மட்டும் சொன்னான். அந்தத் தாழ்மை நீதவானுக்குப் பிடித்துப்போயிற்று. நாலு வருஷமாக எங்கே இருந்தாய் என்று அருமைநாயகத்தின் அப்புக்காத்துக் குறுக்கே கேட்டார். பாலாவி உப்பளத்தில் என்றான். அது உண்மை, உப்பு அரித்த காலைப் பார்த்தாலே தெரிந்தது. மனைவியை ஏன் பார்க்க வரவில்லை என்று கேட்டார். முத்தலிபு அனஸ்தாசியாவை ஒரு தரம் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"பயம்" என்றான்.

நீதவான் விளங்கிக்கொண்டதுபோலத் தலையாட்டினார். அப்புக்காத்து விடவில்லை, ஒரு கயிற்றைக் கொடுத்து வலை முடிச்சுப் போடச் சொன்னார். முத்தலிபு உப்புச் சாக்குக் கட்டுகிற முடிச்சைப் போட்டான். சம்மாட்டி அன்ரனிப்பிள்ளையைக் கூப்பிட்டு, இது வலை முடிச்சா என்று கேட்டார்கள். சம்மாட்டி சவிரிமுத்துவைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார். மனுவேல் எப்போதும் இப்படித்தான் போடுவான், தன் வலைகள் அறுந்துபோனதெல்லாம் இதனால்தான் என்றார்.

கடைசியாக அனஸ்தாசியாவை ஏற்றினார்கள். இவர் உமது கணவரா என்று நீதவான் கேட்டார். அவள் முதலில் வாயைத் திறந்தது முத்தலிபைக் கிழித்தெறியத்தான். பின் சுவரில் சவிரிமுத்து நின்றான். தானே கையைத் தூக்கி நடந்ததைச் சொல்லிவிடப் போகிறவனைப்போல அவன் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டான். இல்லை என்று அவள் சொன்னால் அடுத்த கேள்விக்கு அவன் பதில் சொல்லிவிடுவான். அந்த மடையனுக்கு அதற்குமேல் அறிவு ஓடாது.

"ஓம்" என்றாள் அனஸ்தாசியா.

பொய். பச்சைப் பொய். நாலு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த ஓம் அது; கோயிலில் சொல்ல வைத்திருந்ததைக் கோட்டில், முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்குச் சொல்லிவிட்டாள்.

வழக்குத் தள்ளுபடி. அருமைநாயகத்தின் ஆட்கள் கண் வைத்திருப்பார்கள் என்பதால் முத்தலிபு கொஞ்ச நாளைக்கு ஊரிலேயே மனுவேலாக இருக்க வேண்டும் என்று ஹாஜியாரின் ஆட்கள் லொறியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். தலவில் அன்னம்மாள் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறான், அது முடியும்வரை வீட்டில் படுக்கமாட்டான் என்று ஊர் ஒரு கதை கட்டியது. அவன் சம்மாட்டி கடற்கரையில் போட்டிருந்த வாடிக் கொட்டிலில் வலைகளுக்கு நடுவே படுத்தான். அனஸ்தாசியாவைக் கண்டால் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான். ஊரார் அவள் வீட்டிலிருந்து வாடிக்குத் தூக்கிவந்து கொடுத்த அந்தச் சாய்மனைக் கதிரையில் ஒரு ஓரமாக, பிறத்தியான் பொருளில் உட்காருகிறவனைப்போல உட்கார்ந்திருந்தான். அவனை வெறுக்க அவள் எவ்வளவோ பாடுபட்டாள், முடியவில்லை.

ஒரு நாள் பங்கு வைத்து முடிந்ததும் அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டுத் தோணிக்காரருக்கு நடுவே வந்து நின்றாள்.

"செத்தவனை உசிரோட வச்சிருக்கிறது நீங்க எல்லாரும்தான். எனக்கு அவர் சாகவேணும். இந்த முறை எல்லாரும் பாக்கச் சாகவேணும்."

அதற்கு அன்ரனிப்பிள்ளைச் சம்மாட்டி ஒரு இடைஞ்சல் சொன்னார். கோட்டில் பொய் சொல்வது வேறு, அது கவர்மெந்து. சுவாமியாரிடம் காணாததைக் கண்டதாகச் சத்தியம் பண்ண அவர்களால் முடியாது. தண்ணீருக்குள் விழுவதைக் கண்ணால் காண வேண்டும். மேலே வருவதை மட்டும் காணக்கூடாது. இதில் தோணி முழுக்க ஒரே பிடியாக நின்றது. பக்தியுள்ள மனிதர்களோடு ஒரு காரியம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அனஸ்தாசியா அன்றைக்குத்தான் கண்டாள்.

அப்படியே ஏற்பாடானது. கச்சான் காற்று அடங்கிய ஒரு காலையில் மனுவேலையும் ஏற்றிக்கொண்டு தோணி போயிற்று. களப்பு கடலில் சேருகிற வாய்க்குப் பக்கத்தில் ஒரு மணல் திட்டு. அங்கே குதித்தால் கண்டல் காட்டுக்குப் பின்னால் சவிரிமுத்து வள்ளத்தோடு நிற்பான், ஏற்றிக்கொண்டுபோய்ப் பாலாவிப் பக்கம் விடுவான். அனஸ்தாசியா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தோணி நின்றது. ஒருவரும் குதிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தது. முத்தலிபு தோணி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, அப்போதுதான் ஒரு செய்தி சொல்லியிருக்கிறான்.

"எனக்கு நீச்சல் தெரியாது காக்கா. உப்பளத்துல முழங்கால் தண்ணிதானே."

இடுப்பளவு தண்ணீர்தான் என்று சத்தியம் பண்ணினார்கள். அந்தச் சத்தியத்தில் பொய் இல்லை. அவன் கண்ணை மூடி, அல்லாவின் பேரைச் சொல்லி, விழுந்தான். எல்லாரும் கண்டார்கள். கண்டவுடனே தோணி முழுக்க ஒரே நேரத்தில் முகத்தைக் கரைப் பக்கம் திருப்பியது. முதுகுக்குப் பின்னால் மனுவேல் இருமுகிற சத்தமும், தண்ணீரை உதைக்கிற சத்தமும், தோணிக்காரரின் வாப்பாமாரையெல்லாம் இழுத்து ஏசிக்கொண்டு திட்டில் ஏறி நடக்கிற சத்தமும் கேட்டன. ஒருவனும் திரும்பவில்லை. பாவம் மனுவேல் என்று யாரோ சொன்னான். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

சுவாமியார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். விழுந்ததைக் கண்டோம், எழுந்ததைக் காணவில்லை என்று வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொன்னார்கள். சுவாமியார் அவர்களுடைய முகங்களை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிறகு கோயில் பிள்ளையைக் கூப்பிட்டுச் சாமணி அடிக்கச் சொன்னார்.

கோயில் நடுவே கறுப்புத் துணி போர்த்த வெறும் பெட்டி ஒன்றை வைத்து, சுற்றி மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். அனஸ்தாசியா கறுப்பு உடுத்து முன்னால் இருந்தாள். ஊர் பார்க்கக் கொஞ்சம் அழ வேண்டுமே, கண்ணீர் வருமா என்று யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். மணி ஒரு தரம் அடித்து ஓய்ந்தது. அடுத்த அடிக்கு இடையில் இருந்த அமைதியில், சுவாமியார் மனுவேலின் பேரைச் சொல்லி, அவனுடைய ஆத்துமம் இளைப்பாறட்டும் என்றார்.

அந்தப் பேரைச் சொன்னதும் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு றோட்டில் நின்று அழுத மனுவேல். ஈரக் காலோடு வீட்டுக்குள் வந்து ஏச்சு வாங்குகிற மனுவேல். அவனுக்கு மணி அடிக்க நாலு வருஷம், ஒரு தேர்தல், ஒரு வழக்கு, உப்பளத்திலிருந்து ஒரு மனிதன் எல்லாம் வேண்டியிருந்தது. அவள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்து அழுதாள். பாதியில் விட்டுவிட்டுப் போன பெண்கள் எல்லாரும் வந்து மீதியை அழுதார்கள். பின் வாங்கில் சவிரிமுத்து தன் தமையனைப் பறிகொடுத்தவன்போல் விம்மினான். அவன் மனுவேலைக் கண்ணால்கூடக் கண்டவன் அல்ல.

இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசித்துவிட்டுச் சுவாமியார் நிறுத்தினார். நிறுத்தி, விதானையாரைப் பார்த்தார். விதானையார் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவர்மெந்துக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கலியாணம் முடிந்த மறுநாளும் கரைவலை இழுத்தார்கள். மணலில் குவியல்கள் வைத்தாயிற்று. சம்மாட்டி தண்டு ஒழுங்கில் பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். மனுவேலின் இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் தடுமாறி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சவிரிமுத்து."

சவிரிமுத்து குவியலுக்கு முன்னால்தான் நின்றான்; நின்றுகொண்டு கடலைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறோம் என்று யாருக்கும் தெரியாது; வேறு ஒரு பேருக்காகக் காது கொடுத்துப் பழகிவிட்டது. காகம் ஒன்று இறங்கிக் குவியலுக்குப் பக்கத்தில் நடந்தது. சம்மாட்டி இரண்டாம் தரம் கூப்பிட்டார்.

"ஓம்" என்றாள் அனஸ்தாசியா.

பிறகு குனிந்து, பாதி வேறு மீதி வேறு என்று பிரிக்காமல், மீன் முழுவதையும் ஒரே கூடைக்குள் அள்ளத் தொடங்கினாள்.